வெள்ளைக் கொக்கில் தொடங்குங்கள்: புதிதாகப் பறவை பார்ப்பவருக்கு

கேள்வி: மூன்று மாதமாக எங்கள் ஊர் ஏரிக்குப் போய்ப் பறவை பார்க்கிறேன். 10×50 பைனாகுலரும் ஒரு படக் கையேடும் வைத்திருக்கிறேன். புத்தகத்தைப் புரட்டுவதற்குள் பறவை போய்விடுகிறது. அப்படியே கண்டுபிடித்தாலும் நாலைந்து பறவைகள் ஒரே மாதிரி இருக்கின்றன. வெள்ளைக் கொக்கைக்கூடப் பிரிக்க முடியவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்:

பறவை கண்ணெதிரே இருக்கும்போது புத்தகத்தைத் திறக்கிறீர்களே, அங்கேதான். இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் உண்டு. தமிழ்நாட்டில் மட்டும் 500-ஐத் தாண்டும். கையேடு அத்தனைக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். உங்கள் ஏரிக்கரையில் ஓராண்டு முழுக்க நடந்தாலும் அவற்றில் சிறு பங்கைத்தான் பார்ப்பீர்கள். இமயமலையை விட்டு இறங்காத பறவையின் படமும் உங்கள் வேலியில் உட்காரும் பறவையின் படமும் ஒரே பக்கத்தில் இருக்கும். மனசு அழகான படத்தின் பக்கம் சாயும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. படத்தைப் பார்த்த நொடியிலிருந்து நினைவு படத்துக்கு ஏற்ப வளையத் தொடங்கிவிடும். காலைக் கவனிக்கவே இல்லாதவர்கூட, படத்தில் கால் மஞ்சளாக இருந்தால் "ஆமாம், மஞ்சள்தான்" என்று சொல்லிவிடுவார். அது பொய்யில்லை, நினைவின் இயல்பே அதுதான். ஆகவே பறவை இருக்கும்வரை பார்த்துக்கொண்டே இருங்கள். அது போனதும் குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகுதான் புத்தகம். முடிந்தால் புத்தகத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து திறங்கள். ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

பார்க்கும்போது எதைப் பார்ப்பது? எல்லோரும் நிறத்தில் தொடங்குவார்கள். நிறத்தைக் கடைசியில் வையுங்கள். வெயிலுக்கு எதிரே இருக்கும் பறவை எதுவானாலும் கறுப்பாகத்தான் தெரியும். விடியற்கால வெயிலில் வெள்ளைக் கொக்கு இளமஞ்சளாக இருக்கும். மர நிழலில் பச்சை நிறம் சாம்பலாகிவிடும். அளவு, உடல்வாகு, அலகு, கால், வால், அந்த நேரத்தில் அது செய்துகொண்டிருக்கும் வேலை, இவ்வளவும் வெளிச்சத்தால் அவ்வளவாக மாறுவதில்லை.

அளவை சென்டிமீட்டரில் யோசிக்காதீர்கள், தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள். சிட்டுக்குருவி சுமார் 15 செ.மீ., கொண்டைக்குருவி 20, மைனா 23, மாடப்புறா 33, காகம் 40-க்கு மேல், கரும்பருந்து 60. "மைனாவை விடக் கொஞ்சம் சின்னது, வால் மட்டும் நீளம்" என்று எழுதினாலே கையேட்டில் முக்கால்வாசிப் பக்கங்கள் கழிந்துவிடும். பறவையியலாளர் சாலிம் அலி 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலிலும் இப்படித்தான் அளவு சொல்லியிருப்பார். இதைவிட நல்ல முறை இன்னும் வரவில்லை. ஒரு எச்சரிக்கை: வெட்டவெளியில் தனியாகப் பறக்கும் பறவையின் அளவைக் கண் சரியாகச் சொல்லாது. பக்கத்தில் இன்னொரு பறவையோ எருமையோ கம்பமோ இருந்தால்தான் அளவை நம்பலாம்.

அலகின் நீளத்தைத் தலையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். தலையை விடக் குட்டையா, சமமா, இரண்டு மடங்கா? நேரா, கீழே வளைந்ததா, நுனி கொக்கி போலா? தானியம் தின்பதற்குக் கட்டையான கூம்பு அலகு, பூச்சி பிடிக்க மெல்லிய அலகு, தேனுக்கு வளைந்த ஊசி அலகு, கறி கிழிக்கக் கொக்கி அலகு. இந்த ஒன்றை வைத்தே பறவையின் குடும்பம் பெரும்பாலும் தெரிந்துவிடும். குடும்பம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இனி உங்கள் வெள்ளைக் கொக்கு. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பெரியது, திறந்த வெளியில் நிற்கும், அவசரப்படாது, எந்த ஏரியிலும் கிடைக்கும். உள்நாட்டு ஏரி என்றால் நாலு கொக்குகளைப் பிரித்தால் போதும்.

உண்ணிக்கொக்கு நாலிலும் சின்னது. கழுத்து குட்டை, அலகு குட்டையான மஞ்சள். தாடை கொஞ்சம் உப்பியது போலத் தெரியும். மாட்டுக்குப் பக்கத்திலும் டிராக்டருக்குப் பின்னாலும் நடப்பது பெரும்பாலும் இதுதான், ஏனென்றால் இதன் இரை மீனைவிடப் பூச்சிதான். இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, முதுகில் ஆரஞ்சு ஏறும். வேறு எந்த வெள்ளைக் கொக்குக்கும் அப்படி ஏறாது.

சின்னக் கொக்கு மெலிந்த உடல், கறுத்த மெல்லிய அலகு, கறுத்த கால், மஞ்சள் பாதம். இந்தப் பாதம்தான் அடையாளம், பலர் கோட்டைவிடுவதும் இதில்தான். பறவை சேற்றிலோ தண்ணீரிலோ நின்றால் பாதம் தெரியாது. அது ஓர் அடி எடுத்து வைக்கும்வரையோ பறந்து எழும்வரையோ காத்திருங்கள். பறக்கும்போது கால் வாலுக்குப் பின்னால் நீண்டு, மஞ்சள் பாதம் பளிச்சென்று தெரியும். தண்ணீருக்குள் காலை உதறி மீனைக் கலைத்து, குடுகுடுவென்று ஓடிக் குத்துவதும் இதன் வழக்கம்.

நடுத்தரக் கொக்கையும் பெரிய கொக்கையும் பிரிப்பதுதான் கடினம். "மஞ்சள் அலகு" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே விழுவார்கள். இரண்டுக்கும் சாதாரண நாளில் மஞ்சள் அலகுதான், நடுத்தரக் கொக்குக்கு நுனி கறுத்திருக்கலாம். இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்குமே அலகு கறுத்துவிடும். அப்போது கறுத்த அலகைப் பார்த்துச் "சின்னக் கொக்கு" என்று எழுதினால் தவறு. எந்த மாதத்திலும் மாறாத அடையாளம் வாய்க்கோடு. அலகு பிளவுபடும் கோடு முகத்தில் எங்கே முடிகிறது என்று பாருங்கள். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழே நின்றுவிடும். பெரிய கொக்குக்குக் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுத்திருந்தால் நல்ல வெளிச்சத்தில் பைனாகுலரிலேயே தெரியும். உடல்வாகும் உதவும்: பெரிய கொக்கின் கழுத்து உடலை விட நீளம், நடுவில் ஒடிந்தது போல ஒரு மடிப்பு இருக்கும். தலை தட்டை. நடுத்தரக் கொக்கின் தலை உருண்டை, அலகும் குட்டை. சின்னது, நடுத்தரம், பெரியது மூன்றும் ஒரே மேட்டில் நிற்கும் நாள் கிடைத்தால் அன்று வேறு பறவையே பார்க்க வேண்டாம். அரை மணி நேரம் அவற்றையே பாருங்கள்.

கடலோரத்திலோ உப்பங்கழியிலோ பார்க்கிறீர்கள் என்றால் கரைக்கொக்கு என்று ஐந்தாவது ஒன்று சேரும். அது கரும்சாம்பலாகவும் இருக்கும், வெள்ளையாகவும் இருக்கும். ஏரியில் நாலையும் கற்றுக்கொண்ட பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளையாக எழுந்து பறந்து, உட்கார்ந்ததும் காணாமல் போனால் அது மடையான். குருட்டுக் கொக்கு என்பதும் இதையே. உட்கார்ந்தால் மண்நிறக் கோடுகள், பறந்தால் முழு வெள்ளைச் சிறகு. ஒரே பறவையை இரண்டு பறவையாக எழுதிவைத்தவர்கள் நிறையப் பேர். பனங்காடையும் இப்படித்தான்: கம்பியில் மங்கிய பழுப்பு, சிறகு விரித்தால் நீலம். எழுந்து பறக்கும் நொடியைத் தவறவிடாதீர்கள், மறைத்துவைத்த நிறம் அப்போதுதான் வெளிவரும்.

பறக்கும்போது இன்னொன்றும் பாருங்கள்: கழுத்து. கொக்குக் குடும்பத்துப் பறவைகள் நெடுந்தூரம் பறக்கையில் கழுத்தை மடக்கித் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் கழுத்தை முன்னால் நீட்டிப் பறக்கும். அரை கிலோமீட்டர் தூரத்தில், நிழலுருவாகத் தெரிந்தாலும் இது தப்பாது. சாம்பல் நாரை என்று நாம் சொல்லும் பறவை கழுத்தை மடக்கித்தான் பறக்கும், ஏனென்றால் அது பெயரில் நாரையானாலும் குடும்பத்தில் கொக்கு.

தமிழ்ப் பெயரில் இந்தக் குழப்பம் இருக்கத்தான் செய்யும். ஒரே கரிச்சானை ஓர் ஊரில் இரட்டைவால் குருவி என்பார்கள், இன்னோர் ஊரில் வலியன் என்பார்கள். செம்போத்தும் செண்பகமும் ஒன்றே. ஊர்ப்பெயரைத் தூக்கிப்போடாதீர்கள், அதையும் எழுதிவையுங்கள். வயல்வேலை செய்பவர்கள் வைத்த பெயரில் பறவையின் நடத்தையே இருக்கும். ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி, நத்தையைக் குத்தித் தின்பது நத்தைகுத்தி. அதோடு கையேட்டில் இருக்கும் அறிவியல் பெயரையும் பக்கத்தில் குறித்துவைத்தால் வேறு ஊர்க்காரரோடு பேசும்போது சண்டை வராது.

அடுத்துக் கறுப்புப் பறவைகள். கம்பியில் உட்கார்ந்து, பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்புவது கரிச்சான். வால் மீன்வால் போலப் பிளந்திருக்கும், அலகின் அடியில் சின்ன வெள்ளைப் பொட்டு உண்டு. ஆண் குயிலும் முழுக் கறுப்புதான், ஆனால் கண் சிவப்பு, அலகு வெளிறிய பச்சை, மரத்துக்குள் ஒளிந்து பழம் தின்னும், கம்பியில் வந்து உட்காருவது அரிது. தரையில் வாலைத் தூக்கித் தூக்கி நடக்கும் சின்னக் கறுப்புப் பறவை கருஞ்சிட்டாக இருக்கலாம், வாலடியில் செம்பழுப்பைத் தேடுங்கள். மார்பு கறுத்து வயிறு வெளுத்து, வாலின் இரு ஓரமும் வெள்ளையாக இருந்தால் வண்ணாத்திக்குருவி. தண்ணீரில் நீந்தி மூழ்கினால் நீர்க்காகம். மூழ்கிய பின் தலையும் பாம்பு போன்ற கழுத்தும் மட்டும் மேலே தெரிந்து, அலகு ஈட்டி போல நேராக இருந்தால் பாம்புத்தாரா. நீர்க்காகத்துக்கு அலகு நுனி கொக்கியாக வளைந்திருக்கும். எல்லாம் கறுப்பு என்றாலும், வடிவமும் நடத்தையும் சின்னச் சின்ன அடையாளங்களும்தான் இத்தனையையும் பிரித்தன என்பதைக் கவனித்தீர்களா?

"புத்தகத்திலேயே இல்லாத புதுப் பறவை" என்று தோன்றும் நாள் வரும். அன்று முதலில் சந்தேகிக்க வேண்டியது தெரிந்த பறவையின் பெண்ணை, அடுத்து அதன் இளம்பறவையை. பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளி தெறித்த பெரிய பறவையைப் பார்த்துத் திகைக்காதவர் இல்லை, அது பெண் குயில். ஊதாத் தேன்சிட்டின் ஆண் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பளபளப்பை உதிர்த்துவிட்டு, மஞ்சள் அடிவயிறும் தொண்டையிலிருந்து கீழே இறங்கும் ஒரு கறுத்த கோடுமாகத் திரியும், அதைத் தனி இனமாக எழுதிவிடுவார்கள். செம்பருந்தின் இளம்பறவை முழுக்கப் பழுப்பு, வெள்ளைத் தலையும் இல்லை, செங்கல் நிறமும் இல்லை, அச்சு அசல் கரும்பருந்து போலவே வட்டமிடும். வாலைப் பாருங்கள். கரும்பருந்துக்கு வால் நுனி உள்ளே வெட்டியிருக்கும், செம்பருந்துக்கு வளைவாக இருக்கும். கரும்பருந்து வாலை முழுக்க விரித்தால் அந்த வெட்டு மறைந்து நேராகத் தெரியும், அதனால் வால் ஒருமுறையாவது மூடும்வரை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வல்லூறு என்று நினைத்தது அக்காக்குயிலாகவும் இருக்கலாம். சாம்பல் முதுகும் வரிவரியான உடலும் வாலும் அப்படியே வல்லூறு போல இருக்கும், ஆனால் அலகில் கொக்கி கிடையாது.

சின்னப் பறவைகளுக்குக் காது வேண்டும். தையல்சிட்டு கட்டைவிரல் அளவு, குரலோ தெருமுனை வரை கேட்கும். நட்டுக்குத்தலாக நிற்கும் வால், செம்பழுப்பு உச்சந்தலை என்று கண்ணால் உறுதி செய்துவிட்டால் அடுத்த முறை குரலே போதும். செம்மார்புக் குக்குறுவான் சுத்தியல் தட்டுவது போல "டுக் டுக்" என்று சலிக்காமல் கத்தும். தலையைத் திருப்பித் திருப்பிக் கத்துவதால் ஒலி எந்தப் பக்கம் என்றே பிடிபடாது, இலையில்லாத உச்சிக் கிளையைத் தேடுங்கள். குரலைக் கற்க ஒரே வழி, ஒலி வரும் இடத்துக்குப் போய்ப் பறவையை ஒருமுறையாவது கண்ணால் பார்ப்பது. கம்பியில் உட்காரும் பறவைக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு: தகைவிலானும் உழவாரனும் ஒரே மாதிரி வானத்தில் சுழலும், ஆனால் உழவாரனின் கால் கம்பியைப் பிடித்து உட்காரும்படி அமையவில்லை. கம்பியில் வரிசையாக இருந்தால் அது உழவாரன் இல்லை.

எப்போது தொடங்குவது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெரும்பாலோர் மார்கழி, தை மாதத்தில் ஏரி நிறைந்து பறவைகள் குவியும்போது பைனாகுலர் வாங்குவார்கள். அழகான காலம், கற்பதற்குக் கடினமான காலம். வலசை வந்த வாத்துகள், கரைச்சேற்றில் மேயும் உள்ளான்கள், கதிர்க்குருவிகள் எல்லாம் ஊர்ப் பறவைகளோடு கலந்து நிற்கும். ஆனி, ஆடியில் தொடங்கினால் பெரும்பாலும் நம்மோடு ஆண்டு முழுக்க இருப்பவை மட்டும்தான். காகம், அண்டங்காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, புள்ளிப்புறா, பச்சைப் பஞ்சுருட்டான், மீன்கொத்தி, ஆள்காட்டி என்று முப்பது பறவைகளை இருட்டிலும் சொல்லும் அளவுக்குப் பழகிவிடுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் வலசைப் பறவை வந்து இறங்கும்போது "இது நம் ஆள் இல்லை" என்று கண் தானாகவே சொல்லும். பங்குனிக்குள் பெரும்பாலானவை திரும்பிவிடும். உள்ளான்களை முதல் ஆண்டில் தொடவே வேண்டாம் என்பேன். நெடுங்கால் உள்ளான் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும், இளஞ்சிவப்புக் காலே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மற்றவை அடுத்த குளிர்காலத்துக்கு.

புதுப்புது இடங்களுக்கு அலைவதை விட ஒரே கரையில் இருபது காலைகள் நடப்பது அதிகம் கற்றுத்தரும். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை நல்ல நேரம். ஏரியின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், வெயில் முதுகில் விழும், பறவைகள் நிறத்தோடு தெரியும். மாலையில் மேற்குக் கரை.

உங்கள் பைனாகுலர் 10×50. பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மி.மீ. இதில் கனமும் நடுக்கமும் அதிகம், தெரியும் பரப்பு குறைவு, அதனால் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் போய்விடும். புதிதாக வாங்குபவருக்கு 8×42 சொல்வேன். இருப்பதை வைத்தே சமாளிக்கலாம்: முழங்கைகளை மார்போடு ஒட்டிக்கொள்ளுங்கள், அல்லது மரத்தில் சாய்ந்துகொள்ளுங்கள். இரண்டு குழலையும் மடக்கி, ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். பிறகு வலது குழலின் முன்பக்கத்தை மூடி, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை இடது கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகுங்கள். அடுத்து இடதை மூடி, அதே பலகையை வலது கண்ணால் பார்த்து, வலது கண் அருகே இருக்கும் வளையத்தை மட்டும் திருகுங்கள். அந்த வளையத்தைப் பிறகு தொட வேண்டாம். இதைச் செய்யாததால்தான் பலருக்கு அரை மணியில் தலை வலிக்கிறது. மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தைத் தாழ்த்திவிட வேண்டும். பறவையைக் கண்டதும் பைனாகுலரைக் குனிந்து பார்க்காதீர்கள். பறவை மீதிருந்து பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். சூரியன் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள், கண் போய்விடும்.

மெர்லின் போன்ற செயலிகள் நல்ல துணை. ஒலியைக் கேட்டுப் பெயர் காட்டும்போது அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல், "இது இங்கே இருக்கிறதா, பார்" என்ற துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கரிச்சான் வல்லூறின் குரலை அப்படியே எடுத்துக் கத்தும், செயலியும் வல்லூறு என்று சொல்லிவிடலாம். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதிவிடும் ஈபேர்ட் தளத்தில், உங்கள் மாவட்டத்தில் அந்தப் பறவையை எந்த மாதங்களில் பார்த்திருக்கிறார்கள் என்று தேடலாம். நீங்கள் நினைத்த பறவை அங்கே யாருக்கும் தென்பட்டதே இல்லை என்றால், குறிப்பை மறுபடி படித்துப் பாருங்கள்.

குறிப்பில் தேதி, நேரம், இடம், வெயில் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எந்தப் பறவை அளவு, அலகு, கால், வால், என்ன செய்தது, எப்படிக் கத்தியது என்று எழுதுங்கள். கவனிக்காததைக் "கவனிக்கவில்லை" என்றே எழுதுங்கள். அடுத்த முறை கண் முதலில் அங்கேதான் போகும். கோணல்மாணலான ஒரு கோட்டுப்படம் அரைப் பக்க எழுத்தை விட மேல். பெயர் தெரியவில்லை என்றால் "கொக்கு, எது என்று தெரியவில்லை" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஈபேர்ட்டிலும் அப்படிப் பதிவிட வழி இருக்கிறது. ஊகித்து எழுதிய பெயரை விட அந்தப் பதிவுக்கு மதிப்பு அதிகம்.

கூட்டுக்கு அருகே மட்டும் போகாதீர்கள். நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் தாய்ப்பறவை வெளியே காத்திருக்கும், முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும், காகம் உங்களையும் கூட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும். பறவையை வரவழைக்கக் கைபேசியில் அதன் குரலைப் போடுவதும் வேண்டாம், தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். நீங்கள் உட்கார்ந்திருப்பதை மறந்து பறவை தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும் தூரம்தான் சரியான தூரம். நாளைக் காலை வெள்ளைக் கொக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கோடு எங்கே முடிகிறது என்பதை மட்டும் பார்த்து எழுதிவிட்டு வாருங்கள்.